கடைமடையில் ஓர் இறுதி ஆட்டம்

எழுபதுகளின் நடுவில் நான் பாலக்காட்டில் பி.காம் படித்தபோது விளையாட்டு நிர்வாகம் என்று ஒரு பாடம் கிடையாது. இன்று அதற்குப் பட்டமே கொடுக்கிறார்கள். எங்களுக்கு இருந்தது வணிக நிர்வாகம் என்ற ஒரு தாள். கடைசி ஆண்டில் இருவர் இருவராகச் சேர்ந்து ஏதாவது ஒரு தொழிலை அருகிலிருந்து பார்த்துக் கட்டுரை எழுத வேண்டும். அரிசி ஆலை, கடலை எண்ணெய்ச் செக்கு, கூட்டுறவுச் சங்கம் என்று ஆண்டுதோறும் ஒரே மாதிரி கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. எனக்குக் கூட்டாளியாக வாய்த்தவள் வகுப்பில் எழுந்து, நாங்கள் ஒரு வாலிபால் போட்டியை நடத்தி அதையே எழுதப் போகிறோம் என்றாள். அதை என்னிடம் அவள் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

அவள் இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். மூன்று தலைமுறை குளிரில் இருந்தும் பேச்சு மட்டும் கீழேயே இருந்தது. குள்ளமான உருவம், பெரிய குரல். எதையும் கேட்பதற்கு முன் தயங்க மாட்டாள். கேட்ட பிறகும் தயங்க மாட்டாள்.

தாளை நடத்திய ஆசிரியர் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். நெற்றியில் விபூதியோடு வருவார்; கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சன்னலுக்கு வெளியே பார்ப்பார். அன்றும் வெளியே பார்த்தபடியே சொன்னார்: “இது காமர்ஸ் டிபார்ட்மெண்ட் ஆக்கும். பந்து தட்டறதுன்னா கிரவுண்டுக்குப் போங்கோ.”

“பந்து நாங்க தட்டலை சார். தட்டுறவங்களைக் கூட்டிட்டு வாறது, பாக்குறவங்களைக் கூட்டிட்டு வாறது, ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல நிறுத்துறது. அதுதான் எங்க சரக்கு.”

“சரக்கா?”

“ஆமா சார். வாழைப்பழம் இன்னிக்கு விக்கலைன்னா நாளைக்கு விக்கலாம். ஆட்டம் அன்னிக்குச் சாயங்காலத்தோட அழிஞ்சு போயிரும். அப்படி ஒரு சரக்கை வச்சு வியாபாரம் பண்றது அரிசி ஆலையை விடக் கஷ்டம் இல்லையா சார்?”

ஆசிரியர் சன்னலை விட்டு அவளைப் பார்த்தார். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். எட்டு அணிகள் வேண்டும். படிப்பு விடுமுறை தொடங்குவதற்குள் இறுதி ஆட்டம் நடந்து முடிய வேண்டும். “ஃபைனல் ஆகலைன்னா உங்க கட்டுரையும் ஆகலை. அடுத்த வருஷம் வந்து அரிசி ஆலை பண்ணுங்கோ.”

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். ஒரு வருடம் போனால் எங்கள் வீட்டில் திட்டுவார்கள், அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. தம்பி அந்த ஆண்டு பத்தாவது எழுதுகிறான். இவள் படிப்பு முடிந்தால் அவன் படிப்பு தொடங்கும். ஒரே நேரத்தில் இருவரைப் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை. “நான் ஒரு வருஷம் நின்னேன்னா அவன் பேரைச் செக்ரோல்ல எழுதிருவாக,” என்றாள். செக்ரோல் என்பது தோட்டத்தில் தினமும் ஆள் எண்ணும் பதிவு. ஒருமுறை பேர் ஏறிவிட்டால் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனவர்கள் யாரையும் தான் பார்த்ததில்லை என்றாள்.

“அப்போ அரிசி ஆலையே எடுத்திருக்கலாமல்ல?”

“ஏட்டி, அரிசி ஆலை எழுதி எனக்கு என்ன தெரியப்போகுது? படிக்க வந்தது மூணு வருஷம். அதுல ஒண்ணாவது நானாச் செஞ்சு பாக்கணும்ல்லா.”

அந்தப் பதிலில் எனக்கு இருந்த எரிச்சலை விட அதிகமாக இருந்தது ஒரு மரியாதை. அதை அன்று காட்டிக்கொள்ளவில்லை.

போட்டி எங்கள் ஊரில் என்று முடிவானது. வேலந்தாவளத்துக்கு மேற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய ஊர். அந்தப் பக்கத்துக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு வாலிபால் அணி உண்டு. இரண்டு பனங்கம்பும் ஒரு வலையும் போதும் என்பதால் அந்த ஆட்டம் எங்கும் பரவியிருந்தது. என் பெரியப்பா மகன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், எங்கள் ஊர் அணியின் கேப்டன். பனை போல வளர்ந்த உடம்பு. ஆனால் பெண்கள் எதிரில் நின்றால் பேச்சு வராது.

சனிக்கிழமைகளில் அவள் என்னோடு பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவாள். முதல் வேலையாக மைதானத்தில் நின்று காற்றைப் பார்த்தாள். மார்கழி, தை மாதங்களில் வாளையாறு வழியாக வரும் கிழக்குக் காற்று எங்கள் ஊரில் பனைமட்டைகளை ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். கோர்ட் கிழக்கு மேற்காகக் கிடந்தது. ஒரு பக்கம் நிற்பவன் போடும் சர்வீஸைக் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். மறுபக்கம் நிற்பவன் பந்து அவன் முகத்துக்கே திரும்பும். அவள் கம்புகளைப் பிடுங்கி வடக்குத் தெற்காக நடச் சொன்னாள்.

“வெயிலு கண்ணுல அடிக்காதுங்களா அம்மிணி?” என்று அண்ணன் தரையைப் பார்த்துக் கேட்டார்.

“வடக்கையும் தெக்கையும் பாத்து நின்னா வெயிலு பக்கவாட்டுல போயிரும்ண்ணே. காத்தும் குறுக்க அடிக்கும். ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கஷ்டம்.”

“இத்தன நாளா நாங்க டாஸ் ஜெயிச்சாப் பாதி ஜெயிச்ச மாதிரிங்க.”

“இனிமே ஆடித்தான் ஜெயிக்கணும்.”

அண்ணன் சிரித்ததை அன்றுதான் அவள் எதிரில் பார்த்தேன்.

அணிகளுக்குக் கார்டு எழுதினோம். பஞ்சாயத்தில் அபேக்ஷ என்று அங்கே சொல்லும் விண்ணப்பம் கொடுத்து மைதானத்துக்கு அனுமதி வாங்கினோம். கேப்டன்கள் எட்டுப் பேரையும் அவளே நேரில் பார்த்தாள். ஒரு பெண் வந்து ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறாள் என்பதே செய்தியாகப் பரவியது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “வந்தர்றமுங்க அம்மிணி.” முதல் ஞாயிறு சொன்னபடியே வந்தார்கள். நான்கு ஆட்டங்கள் நடந்தன. எங்கள் கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதினார். தோற்ற அணிகளும் கிளம்பாமல் கடைசிவரை உட்கார்ந்து, வென்ற அணிகளைக் கேலி செய்துகொண்டிருந்தன.

அடுத்த ஞாயிறு அரையிறுதி. மைதானத்தில் வலை கட்டி, கோடு போட்டு, நாங்கள் இருவரும் நின்றோம். யாரும் வரவில்லை. வேர்க்கடலை விற்க வந்த அம்மாளும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் வலையின் ஒரு நுனியைப் பிடித்தபடி நின்றாள். காற்றில் வலை அவள் மேல் மோதி மோதித் திரும்பியது.

அண்ணன் தோளில் மண்வெட்டியோடு மைதானத்தைக் குறுக்கே கடந்தார்.

“அண்ணே, ஆட்டம் இருக்குல்லா?”

“தண்ணி வந்துருச்சுங்க அம்மிணி.”

“வாறேன்னு வாக்குக் குடுத்தீகல்ல?”

“குடுத்தமுங்க.” அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். “தண்ணி வந்தா வர முடியாதுன்னு அதையும் தனியாச் சொல்லோணுங்களா?”

அந்த ஆண்டு அணையை எல்லோரும் எதிர்பார்த்ததற்கு முன்பே திறந்துவிட்டார்கள். இரண்டாம் போகத்துக்கு வாய்க்காலில் முறைத் தண்ணீர். ஊர் ஊராக, அதற்குள் வயல் வயலாக முறை வரும். முறை வரும்போது ஆள் மடையில் நிற்க வேண்டும்; இல்லையென்றால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். எங்கள் பக்கத்தில் யார் எந்த வாக்குக் கொடுத்தாலும், கல்யாணத் தேதியே குறித்தாலும், தண்ணீர் வராவிட்டால் என்பது அதற்குள் சொல்லாமலே இருக்கும். அதைச் சொல்வது, உயிரோடு இருந்தால் வருகிறேன் என்று சொல்வதைப் போல அபசகுனம்.

அவளுடைய மலையில் நேரத்தைச் சங்கு சொல்லும். சங்கு ஊதினால் எல்லோரும் போவார்கள், ஊதினால் எல்லோரும் வருவார்கள். ஞாயிறு என்றால் எல்லோருக்கும் ஞாயிறு. தோட்டங்களுக்கிடையே கால்பந்துப் போட்டி நடக்கும்போது ஆபீசிலிருந்து லாரி வந்து ஆட்களை ஏற்றிப் போகும். தேதி குறித்தால் நடக்கும் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் தபால் ஆபீசுக்கும் மட்டும்தான்.

அன்று மாலை எங்கள் வீட்டில் அவள் சாப்பிடவில்லை. விடிந்ததும் எழுந்து, “உங்க வாய்க்காலைக் காட்டு,” என்றாள்.

நாங்கள் கரையோடு நடந்தோம். ஒவ்வொரு மடையிலும் நிற்பவர்களிடம் கேட்டாள்: உங்களுக்கு முறை எப்போது முடியும், அடுத்தது எந்த ஊர், திரும்ப எப்போது வரும். ஆட்டத்துக்காக யாரையும் அவள் அழைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். உடற்பயிற்சி ஆசிரியர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது, ஆட்ட அட்டவணையை ஒற்றைப்படை இரட்டைப்படை பார்த்துப் போடும் முறை. அவள் அதை ஒதுக்கிவிட்டாள். தலைமடை ஊர்களுக்குத் தண்ணீர் முதலில் வந்து முதலில் முடியும். அவர்களை முதலில் ஆடவைத்தாள்; கீழ் ஊர்களைத் தண்ணீர் அங்கே போய்ச் சேருமுன் ஆடவைத்தாள். இரண்டு அரையிறுதிகளும் ஒரு செவ்வாயும் ஒரு வியாழனுமாக, கல்லூரிக்கு லீவு போட்டு, நடந்து முடிந்தன. அரையிறுதியைச் செவ்வாய்க்கிழமை வைத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். தண்ணீர் முடிந்தவன் சும்மா இருப்பான், அவனுக்கு அன்றுதான் ஞாயிறு என்றாள். உட்கார இடமில்லாமல் கூட்டம் வந்தது.

இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகள்தான் சிக்கல். ஒன்று எங்கள் ஊர், தலைமடை. மற்றது வாய்க்காலின் கோடியில் இருந்த கடைமடை ஊர். படிப்பு விடுமுறைக்கு முன் மிச்சமிருந்த நாட்களிலெல்லாம் தண்ணீர் கடைமடையில். அவர்கள் மடையை விட்டு அசைய மாட்டார்கள். தலைமடைக்காரன் தண்ணீர் திருடுவான் என்பது அவர்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த பாடம்.

அவள் அண்ணனையும் கடைமடைக் கேப்டனையும் ஒரே பனைமரத்தடியில் உட்காரவைத்தாள். கடைமடைக் கேப்டன் மெலிந்த ஆள், வாய் நீளம்.

“கோர்ட்டை உங்க ஊருக்கே கொண்டாந்துருதேன். வாய்க்காலை ஒட்டி உங்க தரிசு கிடக்குல்லா, அங்க. நீங்க ஆடுற நேரத்துக்கு மேல இருக்க மடை எல்லாத்துலயும் இவுக ஊர் ஆளுக காவல் நிப்பாக.”

கடைமடைக் கேப்டன் சிரித்துச் சிரித்து இருமினார். “பூனைகிட்டப் பால்ச்சட்டியக் குடுத்துப் பாத்துக்கச் சொல்றீங்களாக்கும்?”

“வாயை அளந்து பேசு மச்சான்,” என்றார் அண்ணன்.

“ஏன், போன வருசம் என்ர கத்திரி காஞ்சது வெயில்லயா?”

அவள் குறுக்கே புகுந்தாள். “கேளுங்க. ஆட்டம் நடக்கையில தலைமடைக்காரங்க யாராச்சும் தண்ணியைத் திருப்பினது தெரிஞ்சா, அந்த நிமிசமே கோப்பை கடைமடைக்கு. ஸ்கோரு எதுவா இருந்தாலும் சரி. தண்ணி குறையாமப் பாத்துக்கிடுறது இனிமே இவுக வேலை.”

கோப்பையையும் தண்ணீரையும் அவள் ஒரே கயிற்றில் கட்டிவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் கோப்பைக்கு ஆசைப்பட்டால் பரம்பரை எதிரியின் தண்ணீரைக் காக்க வேண்டும். நிர்வாகம் பற்றி அதற்குப் பிறகு நான் பத்திரிகைக்காகப் பல பெரியவர்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன். அவளுடைய அந்த ஏற்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஒன்றை அவர்களில் சிலர்தான் சொன்னார்கள்.

“செரி, பாக்கலாம்,” என்றார் கடைமடைக் கேப்டன்.

இறுதி ஆட்ட நாள் வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. சந்தையிலிருந்து மேற்கே போகிறவர்கள் அந்தத் தரிசு வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் அவள் வேண்டுமென்றே அந்த நாளை எடுத்திருந்தாள். கூட்டம் வழியிலேயே கிடைக்கும். ஆசிரியரும் வந்தார். மடக்கு நாற்காலியில், புழுதிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். “நேக்கு அஞ்சு மணிக்கு பஸ். அதுக்குள்ள முடிச்சுடணும், கேட்டயா?” என்றார்.

ஆட்டம் நன்றாக இருந்தது. அண்ணன் அடித்தால் பந்து தரையில் பட்டு ஆள் உயரம் எழும். கடைமடைக்காரர்கள் அடிக்கத் தெரியாதவர்கள், ஆனால் எதையும் கீழே விழ விடவில்லை. முழங்காலில் தேய்த்து, கையை நீட்டி, பந்தை எப்படியாவது மேலே அனுப்பினார்கள். கடைமடையில் விவசாயம் செய்பவர்களின் ஆட்டம் அது என்று அப்போதே தோன்றியது. செட் இரண்டுக்கு ஒன்று என்று எங்கள் ஊர் முன்னால் இருந்தது. நான்காவது செட்டின் நடுவில் கடைமடைக் கேப்டன் சர்வீஸ் போடப் பின்னால் போனார். வாய்க்காலைப் பார்த்தார். பந்தைக் கீழே வைத்தார்.

“தண்ணி எறங்கிருச்சு.”

எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரம் முன்பு முழங்கால் அளவு ஓடிய கிளை வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது.

“நான் அப்பவே சொன்னனல்ல? பூனை குடிச்சிருச்சு. கோப்பையக் கொண்டாங்க அம்மிணி, நாங்க மடைக்குப் போறோம்.”

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. “எங்காளுக தொட்டிருந்தா இந்தக் கைய வெட்டிக்கறனுங்க,” என்றார். யாரிடம் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆசிரியர் துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். “ஆட்டம் நின்னுடுத்தே. இது ஃபைனல்ல சேத்தியா, இல்லையா?”

நான் அவளைப் பார்த்தேன். கோப்பையைக் கடைமடைக்குக் கொடுத்துவிட்டால் சண்டை வராது. இறுதி ஆட்டம் முடியாமல் போகும். கொடுக்காவிட்டால் அவள் போட்ட சட்டத்தை அவளே மீறியதாகும். தம்பியின் பேர் எந்தப் பதிவில் ஏறும் என்பது அந்தக் கரையில் நின்றது. அவள் குரல் உயரவில்லை.

“இல்லை சார், முடியலை. தலைமடைக்காரங்க திருப்பினா கோப்பை உங்களுக்குன்னு நான்தான் சொன்னேன், மாத்திப் பேச மாட்டேன். யாரு திருப்பினான்னு மொதல்ல பாப்போம். ரெண்டு டீமும் எங்கூட வாங்க. பாக்க வந்தவங்க அப்படியே உக்காருங்க, இப்ப வந்துருதோம்.”

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரையோடு நடந்தாள். இரண்டு அணிகளும் பின்னால் போயின, ஒருவரை ஒருவர் நம்பாமல், பக்கம் பக்கமாக. வாய்க்கால் வளையும் இடத்தில், தாழைப் புதருக்குப் பின்னால், காரணம் படுத்திருந்தது. ஏழெட்டு எருமைகள். கழுத்தில் சந்தையில் கட்டிய புதுக் கயிறு. வெயிலில் நடந்து வந்தவை தண்ணீரைக் கண்டதும் இறங்கி, கரைக்குக் கரை அடைத்துப் படுத்துவிட்டன. மேல்புறம் தண்ணீர் பெருகிப் பக்கத்துத் தரிசில் வழிந்துகொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டு வந்த ஆளைக் காணோம்.

“ஆருதுங்க எருமை?” என்று அண்ணன் மைதானம் வரை கேட்கும்படி கத்தினார்.

பதிலுக்கு, பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக வந்தார்.

“நம்முளுதுதானுங்க.”

“எருமைய வாய்க்கால்ல உட்டுப்போட்டு நீ எங்கய்யா உக்காந்திருந்தே?”

“வந்த வழில எட்டிப் பாத்தனுங்க. நாலாவது செட்டு முடியட்டும், போயர்லாம்னு...” சுற்றி நின்ற சேற்றுக் கால்களைப் பார்த்தார். “ஆட்டம் அப்படியுங்க.”

கடைமடைக் கேப்டன்தான் முதலில் சிரித்தார். பிறகு இறங்கி ஓர் எருமையின் கயிற்றைப் பிடித்தார். அண்ணன் பின்னாலிருந்து தள்ளினார். படுத்த எருமையை எழுப்புவது ஆறு ஆறு பேர் கொண்ட இரண்டு அணிகளுக்கும் லேசில் ஆகாத வேலை. அவளும் இறங்கினாள், வால் அடித்து முகமெல்லாம் சேறு. “ஏ மாடே, எனக்குப் பரிச்சை இருக்கு, எந்திரி,” என்று அதட்டினாள். கடைசி எருமை ஏறியதும் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகக் கீழே போனது. கடைமடை ஆட்கள் அதன் கூடவே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எல்லோர் காலும் சேறாக இருந்ததால் வழுக்கியது, அதனால் இன்னும் நீண்டது. நான்காவது செட்டைக் கடைமடை எடுத்தது. ஐந்தாவதை எங்கள் ஊர் எடுத்தது. தோற்றவர்கள் கோப்பை கொடுப்பதைப் பார்க்க நிற்காமல் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனார்கள். போகும்போது கடைமடைக் கேப்டன் திரும்பிப் பார்த்து, “அம்மிணி, அடுத்த வருசம் தண்ணி முடிஞ்சு வைங்க, இவனுகளுக்குப் பால் ஊத்தறோம்,” என்றார். ஆசிரியர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார்.

கட்டுரை பற்றிய வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம் அவருடைய அறையில் நடந்தது. நான் எழுதியிருந்த பக்கங்களைப் புரட்டி, வழக்கம்போல் சன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “பார்வையாளர் எத்தனை பேர்னு எழுதலையே. வியாபாரம் நடந்ததான்னு எதை வச்சு அளக்கறது?”

அவள் சொன்னாள்: “எண்ணலை சார். ரெண்டு டீமும் எருமை எழுப்பப் போயிருந்தப்போ கோர்ட்டுல ஒண்ணுமே இல்லை. வெறும் வலைதான். ஒருத்தரும் எந்திரிச்சுப் போகலை. எருமைக்காரரைத் தவிர.”

“அவனும் நாம கூப்பிட்டதுக்கப்புறம்தானே வந்தான்,” என்றார் ஆசிரியர். நாம் என்று அவர் தன்னையும் சேர்த்துக்கொண்டதை நான் குறித்துக்கொண்டேன். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அந்த ஜூனில் அவள் மலையிலிருந்து தம்பியை அழைத்துக்கொண்டு வந்தாள். பையன் அவளை விட ஒரு முழம் உயரம். ப்ரீ டிகிரிக்கு எந்தப் பாடம் எடுக்கப் போகிறாய் என்று நான் கேட்டபோது அக்காவைப் பார்த்தான்.

“என்னை ஏம்ல பாக்க?” என்றாள் அவள். “படிக்கப் போறது நீ. நீயே சொல்லு.”